கொலை செய்தது கருப்பனா?

இந்திரா சௌந்தர்ராஜனின் மர்மக் கதைகளைப் படித்தவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். கடைசி அத்தியாயத்தில் முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்த பிறகும் ஓர் இழை மட்டும் கைக்குச் சிக்காமல் மேலே போகும். அந்த இழைக்காகவே அவரைப் படிப்பவர்கள் ஒரு கட்சி. அதைக் கண்டதும் ஏமாற்றிவிட்டார் என்று புத்தகத்தை மூடி வைப்பவர்கள் மறு கட்சி. 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் அவர் காலமானார். வாசகர்களின் வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா கதையைப் பற்றியோ பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா கதையைப் பற்றியோ வாசகர்கள் சண்டை போட்டால் அது வேகம், திருப்பம், 'நான் அப்போதே யூகித்தேன்' என்ற பெருமை ஆகியவற்றோடு நின்றுவிடும். இவரைப் பற்றிய சண்டை சாமி உண்டா இல்லையா என்பது வரை போய்விடுகிறது. அதற்கு அதிகம் இடம் கொடுத்த கதை 'விட்டு விடு கருப்பா'. 1990களின் பிற்பாதியில் நாகாவின் இயக்கத்தில், 'மர்மதேசம்' வரிசையில், 'விடாது கருப்பு' என்ற பெயரில் சன் டிவியில் அது தொடராக வந்தது. தோட்டக்காரமங்கலம் என்ற ஊரில் தப்பு செய்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். காவல் தெய்வமான கருப்பு அடித்துவிட்டது என்கிறது ஊர். தொடரின் முடிவில் குற்றம் ஒரு மனிதனின் பிளவுபட்ட மனத்தில் போய் நிற்கிறது. கருப்பன்தான் என்று நம்பிப் பார்த்தவர்களுக்கு அதில் ஒரு குறை. கருப்பனை அவ்வளவு பெரிதாகக் காட்டியிருக்க வேண்டாமே என்று மற்றவர்களுக்கு வேறு குறை. இதை ரசனைச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு குற்றத்துக்குத் தெய்வம் செய்தவனாக நிற்கலாமா என்ற பழைய சமயக் கேள்விதான் இங்கே கதைப் புத்தகத்தின் அட்டைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கேள்வியை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. மழையை நம்பி விதைக்கிற பூமி அது. குண்டாற்றில் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான் ஓடும். கண்மாய் பெருகினால் வெள்ளாமை. இல்லாவிட்டால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் பிழைப்பு. இப்படிப்பட்ட சீமையில் ஓர் ஆட்டுக்குட்டி களவு போனாலும் அது ஒரு குடும்பத்தின் வருஷச் சேமிப்பு போனதாகும். காவல் தெய்வங்கள் ஊரின் நடுவில் இல்லாமல் எல்லையிலும் கண்மாய்க் கரையிலும் அரிவாளோடு நிற்பது இதனால்தான். களவும் பொய்யும் முதலில் அவர்களுடைய விவகாரம். 'கருப்பன் பார்த்துக்குவான்' என்ற பேச்சில் பக்தியைவிடச் சட்டம் அதிகம். சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வதும், காசு வெட்டிப் போடுவதும் மனுக் கொடுப்பது போலத்தான். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு உருவம் கிடையாது. சந்தனம் பூசிப் பூட்டிய கதவுகளே சாமி. அந்தக் கதவின் முன் செய்த சத்தியத்தால் தீர்ந்த வழக்குகள் உண்டு. மேல்நாட்டு மர்மக் கதைக்காரர்கள் பூட்டிய அறைக்குள் நடக்கும் கொலையை எழுதிப் புகழ் பெற்றார்கள். நம் பக்கத்தில் பூட்டிய கதவே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த மண்ணிலிருந்து வரும் வாசகர் மர்மக் கதையைத் திறக்கும்போது 'யார் செய்தது' என்ற ஒரு கேள்வியோடு வருவதில்லை. 'இதை யாராவது பார்த்தார்களா' என்ற இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது. முடிவுகளைப் பற்றிய வாசகர் சண்டை பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிக்கொள்வதால் வருவது. முதல் கேள்விக்கு மனிதர்தான், சாட்சியத்தோடு, விடை சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லி முடித்த பிறகே இரண்டாவது கேள்விக்கு வழி திறக்கும். முதல் விடையின் இடத்தில் சாமியைக் கொண்டுவந்து உட்கார வைப்பது கதைக்கும் கேடு, சாமிக்கும் கேடு.

கதைக்கு என்ன கேடு என்று முதலில் பார்ப்போம். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். இரண்டாவது கட்டளை, இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்தி எதுவும் கதையின் விடையாக வரக்கூடாது என்பது. இதை எழுதியவர் நாத்திகர் இல்லை, கத்தோலிக்கப் பாதிரியார். அற்புதங்களை நம்புகிறவர், கொலைக் கதையில் மட்டும் அற்புதம் வேண்டாம் என்றார். அவருக்கு முன்பே, 1910இல், செஸ்டர்ட்டன் எழுதிய முதல் ஃபாதர் பிரவுன் கதையில் பாதிரி வேடம் போட்ட திருடன் ஒருவன் வருகிறான். அறிவை நம்ப முடியாது, அதற்கு எட்டாத உலகங்கள் உண்டு என்று அவன் பக்திமான் போலப் பேசுகிறான். அந்தப் பேச்சே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. உண்மையான பாதிரி அறிவைத் தாக்கிப் பேசமாட்டான், அது கெட்ட சமயம் என்பது ஃபாதர் பிரவுனின் துப்பு. மதத்தில் ஊறிய இவ்விருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு மர்மக் கதையில் குற்றவாளி ஒருவன் என்றால், சந்தேகிக்கப்படுபவர்கள் பத்துப் பேர். கடைசியில் ஒருவன் பிடிபடும்போது மற்ற ஒன்பது பேர் விடுதலை ஆகிறார்கள். அந்த விடுதலைதான் இந்த வகைக் கதையின் தர்மம். சாமி அடித்தது என்று முடித்தால் அந்த ஒன்பது பேருக்கும் விடுதலை கிடைப்பதில்லை. ஊர் வாயில் அவர்கள்மேல் விழுந்த பழி அப்படியே கிடக்கும். செத்தவன்மேலும் புதிதாக ஒரு பழி விழும்: சாமியே அடித்ததென்றால் அவன் ஏதோ செய்திருக்கத்தானே வேண்டும் என்று ஊர் பேசத் தொடங்கும்.

சாமிக்கு என்ன கேடு என்பதைச் சைவமே தெளிவாகச் சொல்கிறது. வினை சடம். கல்லைப் போல, தனக்கென்று அறிவில்லாதது. செய்தவனைத் தேடிப் போய்ச் சேரும் கண் அதற்கு இல்லை. அந்தப் பலனைச் செய்தவனிடம் கூட்டிவைப்பவன் ஒருவன் வேண்டும், அவனே இறைவன் என்பது சைவ சித்தாந்தத்தின் வாதம். திருச்சுழியில் பிறந்த ரமணர் 1927இல் எழுதிய 'உபதேச உந்தியார்' நூலும் இதே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. இதன்படி தெய்வத்தின் வேலை வினையையும் வினை செய்தவனையும் சேர்த்து வைப்பது. செய்தவன் இடத்தில் தெய்வமே போய் நின்றுவிட்டால் சேர்த்து வைப்பவன் யார்? 'அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்' என்ற பழமொழியில் அழுத்தம் 'நின்று' என்ற சொல்லில் இருக்கிறது. நிற்பது, காத்திருப்பது, செய்தவன் யார் என்று சந்தேகமில்லாமல் தெரியும்வரை பொறுப்பது. ராத்திரியில் வெள்ளைக் குதிரையில் வந்து ஆளை வெட்டிவிட்டு ஓடும் கருப்பன், காவல்காரன் வேலையை விட்டுக் கூலிக்கு வெட்டுகிறவனாகிவிடுகிறான். பக்தியின் பெயரால் இப்படி ஒரு முடிவைக் கேட்கும் வாசகர், தான் கும்பிடும் சாமியைத் தானே சிறுமைப்படுத்துகிறார்.

நாக்ஸின் பத்துக் கட்டளைகளில் இன்னொன்றும் நமக்கு வேண்டியது. ஐந்தாவது கட்டளை, கதையில் சீனாக்காரன் வரக்கூடாது என்பது. கேட்க இன வெறுப்புப் போலத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்து மலிவுக் கதைகளில் மர்மமான சீனாக்காரன் ஒருவன் வந்தாலே அவன்தான் வில்லன். அந்தச் சோம்பேறித்தனத்தைத் தடுக்கத்தான் அந்தக் கட்டளை. இரண்டாவதையும் ஐந்தாவதையும் சேர்த்து வைத்தால், சாட்சியம் தேடாமல் விடை சொல்லும் இரண்டு குறுக்கு வழிகளும் அடைபடுகின்றன. ஒன்று சாமியைக் கைகாட்டுவது. மற்றது பிறப்பைக் கைகாட்டுவது. இரண்டாவது குறுக்கு வழியைத் தென்பாண்டிச் சீமை தன் உடம்பிலேயே அனுபவித்திருக்கிறது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. துப்பறிவாளன் கொலை நடந்த பிறகு கைரேகை தேடுவான். இந்தச் சட்டம் குற்றம் நடக்கும் முன்பே சாதி பார்த்துக் கைரேகை வாங்கியது. அதனால் ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே ரேகைச் சட்டம். ரேகை கொடுக்க மாட்டோம் என்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. திருச்சுழிக்குப் பக்கத்துக் கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்து ஜனங்கள்மேலும் பின்னால் இதே சட்டம் பாய்ந்தது. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அது நீங்கியது. 'யார் செய்தது' என்ற கேள்விக்கு 'இன்னார் வகையறா' என்று பதில் சொன்ன அரசாங்கம், தன்னையே மோசமான துப்பறிவாளன் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிற்று.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோய் இது என்றும் தப்பித்துக்கொள்ள முடியாது. தமிழின் மிகப் பழைய குற்றக் கதைகளில் ஒன்று மதுரையில் நடக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பாண்டியன் விசாரிக்கவில்லை. ஒரு பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கொல்லச் சொன்னான். கண்ணகி அரசவைக்கு வந்து செய்தது பத்தினியின் சாபம் என்று மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சாபத்துக்கு முன்னால் அவள் செய்தது சாட்சியம் காட்டுவது. தன் சிலம்பில் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் முத்து என்றான் பாண்டியன். அவள் உடைத்துக் காட்டினாள். ஒரு பொருளை உடைத்து உண்மையை வெளியே எடுக்கும் அந்தக் காட்சியைவிட நல்ல துப்பறியும் காட்சி தமிழில் வேறு இருக்கிறதா என்பது சந்தேகம். அதே காப்பியத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் கோபம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான். திருடியது ஒருவன், செத்தது ஆயிரம் பேர். கண்ணகியின் சிலம்பு கற்றுக்கொடுத்த பாடத்தை அவளுக்குப் படையல் போட்டவனே மறந்துவிட்டான். சாட்சியம் கேட்டு வந்தவள் தெய்வமானதும், அவள் பெயரால் சாட்சியம் இல்லாத தண்டனை நடக்கிறது. சாமியைக் கைகாட்டுவதும் பிறப்பைக் கைகாட்டுவதும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் வண்டிகள் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம் பக்தி மரபிலேயே இருக்கிறது. திருச்சுழித் தலத்தைத் தேவாரத்தில் பாடியவர் சுந்தரர். அவருடைய வரலாற்றின் முதல் காட்சியே ஒரு வழக்குத்தான். புத்தூரில் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழிந்தது படி, மூல ஓலை இது என்று கிழவர் எடுத்து வைக்கிறார். சபையார் உடனே தலையாட்டிவிடவில்லை. பாட்டன் எழுதிய வேறு ஓலையைக் கொண்டுவரச் சொல்லி, கையெழுத்தோடு கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் கிழவர் தன் வீட்டைக் காட்டுவதாகக் கோயிலுக்குள் போய் மறைகிறார். வந்தது யார் என்பது சுந்தரருக்கு அப்போதுதான் விளங்குகிறது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வாதியாக வந்தது சிவனே என்றாலும் சபையின் முன் அவர் ஓலை காட்டியாக வேண்டியிருந்தது. சாட்சியம் முடிந்தது, தீர்ப்பு வந்தது, பிறகுதான் அற்புதம். அற்புதத்தைக் காட்டித் தீர்ப்பு வாங்கியிருந்தால் அது பயமுறுத்தல் ஆகியிருக்கும். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒரு சமூகம், கருப்பன் கொன்றான் என்று ஒரே வரியில் முடியும் கதையோடு திருப்திப்படக் கூடாது.

இங்கே முதல் கட்சி வாசகர்கள் ஒரு நியாயமான ஆட்சேபம் எழுப்புவார்கள். 'எல்லாவற்றையும் மனோதத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டால் கதையில் என்ன மிச்சம்? கடைசிவரை எங்களைக் கருப்பனை நம்ப வைத்துவிட்டு, இது ஒரு நோய் என்று டாக்டர் பாஷையில் முடித்தால் அது மட்டும் ஏமாற்று இல்லையா?' இதில் பாதி உண்மை. பிளவுபட்ட மனம் என்ற விடை, சோம்பலான கையில், பழைய பேய்க்குப் போட்ட புது வெள்ளைக் கோட்டாகிவிடும். செய்தது அவன் இல்லை, அவனுக்குள் இருந்த இன்னொருவன் என்று சொல்லும்போது, சாமியைக் கைகாட்டுவதில் இருந்த அதே தப்பித்தல் இதிலும் வந்துவிடுகிறது. ஆனால் 'விடாது கருப்பு' தொடரில் இந்த விடை ஒரு வேலை செய்கிறது. ஒருவன் மனம் உடைந்து வேறொருவனாகும்போது அது ஏன் கருப்பனாகிறது? ஊர் அவன் சின்ன வயதிலிருந்தே காதில் போட்ட பெயர் அது. தப்பைத் தட்டிக் கேட்க மனிதர் எவரும் முன்வராத ஊரில், கேட்கும் அதிகாரம் உள்ள ஒரே உருவம் அது. அந்த மனிதன் கருப்பனாக மாறியதில் ஊருக்கும் பங்கு இருக்கிறது. நோய் என்ற சொல்லோடு நின்றுவிட்டவர்கள் இந்தப் பங்கைப் பார்க்கவில்லை. கருப்பன் பெயரைச் சொல்லி நிம்மதியாக இருந்துவிட்டது ஊர் என்ற குற்றச்சாட்டு அந்த விடைக்குள்ளேயே இருக்கிறது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இன்னொரு வழியில் போனது. ஆவி என்று தோன்றிய உருவத்துக்கு ஹாலோகிராம் என்று கணக்குச் சொல்லிவிட்டு, ஒரு மயிரிழைச் சந்தேகத்தையும் விட்டு வைத்தது. முதல் கேள்விக்குக் கணக்குச் சொல்லிவிட்டு, மீதியைத் திறந்து வைக்கும் துணிச்சல் அது.

இரண்டாம் கட்சியின் ஆட்சேபம் இன்னும் கடுமையானது. கருப்பனையும் சத்தியத்தையும் இவ்வளவு மதிப்போடு எழுதுவதே மூடநம்பிக்கைக்கு உரம் போடுவது என்பார்கள். சத்தியம் எல்லார்மேலும் ஒரே பாரமாக விழுவதில்லை என்பது அவர்கள் சொல்வதில் பெரிய உண்மை. வீட்டில் நகை காணாமல் போனால் கோயிலுக்கு அழைக்கப்படுபவர் வேலை செய்யும் பெண். வீட்டு மாப்பிள்ளையை யாரும் அழைப்பதில்லை. பயந்தவள் தடுமாறினால் அதுவே சாட்சியாகிவிடும். பயப்படாத திருடன் சூடத்தை அணைத்துவிட்டுப் போய்விடுவான். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். சத்தியம் விசாரணைக்குப் பதிலாக நிற்கும்போது அது கொடுமை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதமும். ஆனால் சத்தியத்தின் உள்ளே இருக்கும் எண்ணத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். கருப்பன் கோயில் வாசலில் சாமி எழுந்து இவன்தான் திருடன் என்று பெயர் சொல்வதில்லை. செய்தவனுக்குத் தான் செய்தது தெரியும். அவன் வாயால் அது வரவேண்டும் என்று அவனை நிறுத்தி வைக்கிறார்கள். அங்கே கூப்பிடப்படும் சாட்சி செய்தவனுடைய மனசாட்சி. குற்றவாளியின் பெயரைச் சொல்லும் பொறுப்பைச் சத்தியம்கூடச் சாமியிடம் விடவில்லை. அதைச் சாமியிடம் தள்ளிவிட்டது பின்னால் வந்த கதைதான்.

மூன்றாவதாக ஓர் ஆட்சேபம், இந்தச் சீமையின் அனுபவத்திலிருந்தே வருவது. கோர்ட்டுக்குப் போகக் காசு இல்லாதவனுக்கு, ஸ்டேஷனில் புகார் வாங்காமல் திருப்பி அனுப்பப்படுகிறவனுக்கு, கருப்பன்தானே கடைசிக் கோர்ட்டு? அப்படிப்பட்டவனிடம் போய், சாட்சியம் கேள் என்று உபதேசிப்பது வசதியானவர்களின் பேச்சு இல்லையா? இதற்குப் பழைய வழக்கம் ஒன்றே பதில் சொல்லும். மதுரை, ராமநாதபுரம் பக்கங்களில் மாடு களவு போனால் 'துப்புக்கூலி' கொடுத்து மீட்பார்கள். இடையில் ஓர் ஆள் பணத்தை வாங்கிக்கொள்வார். மறுநாள் இன்ன இடத்தில் மாடு நிற்கும். யார் ஓட்டிப் போனது என்று கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம். இன்று துப்பறிதல் என்று நாம் பெருமையாகச் சொல்லும் வார்த்தையில் இருக்கும் துப்பு, அன்று கேள்வி கேட்காமலிருக்கக் கொடுத்த விலை. மாடு திரும்பியது, அடுத்த மாதம் வேறொருவன் மாடு போயிற்று. யார் என்ற கேள்வியை விட்டுக்கொடுத்தால் ஏழைக்குக் கிடைப்பது தற்காலிகமாக மாடு மட்டும்தான், நியாயம் கிடைக்காது. நியாயம் அதிகம் வேண்டியவன் ஏழை. அதனால் 'யார்' என்ற கேள்வியும் அவனுக்குத்தான் அதிகம் வேண்டும். கருப்பனிடம் முறையிடுகிறவன் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. என் பேரில் பழி இல்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்றும் கேட்கிறான். அந்த இரண்டாவது வேண்டுதலை நிறைவேற்ற மனிதரால்தான் முடியும்.

இதுவரை சொன்னது முதல் கேள்வி. சாட்சியம் சொல்லி முடித்த பிறகு திறக்கும், 'இதை யாராவது பார்த்தார்களா' என்ற இரண்டாவது கேள்விக்கும் திருச்சுழிக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் வெங்கடராமன் பிறந்தபோது அவருடைய தகப்பனார் சுந்தரமய்யர் அந்த ஊரில் வக்கீலாக இருந்தார். யார் செய்தது என்று கேட்கும் தொழில் செய்த வீட்டில் பிறந்த பிள்ளை, பின்னால் ரமணர் என்ற பெயரில் உலகத்துக்குக் கொடுத்ததும் 'யார்' என்ற ஒரே சொல்லைத்தான். சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் கொடுத்த விடைகள் 'நான் யார்?' என்ற சின்ன நூலாயிற்று. அந்த நூல் சொல்லும் வழியில் துப்பறிவாளனின் ஒழுங்கு இருக்கிறது. ஒரு நினைவு எழுந்தால் அதன் பின்னால் ஓடாதே. இது யாருக்கு எழுந்தது என்று கேள். எனக்கு என்றால் அந்த நான் யார் என்று தேடு. தடயத்திலிருந்து ஆளுக்குப் போகும் பாதை, கடைசியில் தேடுகிறவன் வாசலுக்கே வந்து நிற்கிறது. மர்மக் கதை வாசகரைப் பற்றி இது ஒரு சங்கடமான உண்மையைச் சொல்கிறது. புத்தகத்தில் வரும் ஒவ்வொருவரையும் அவர் சந்தேகப்படுகிறார்: வேலைக்காரன், டாக்டர், விதவை, பூசாரி. தன்னை மட்டும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் இன்னொரு கொலை விழுந்தால் நன்றாயிருக்கும் என்று பக்கத்தைப் புரட்டியவர் அவர்தான். 'யார் பார்த்தது' என்ற கேள்விக்கு விடையாகக் கதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

இங்கே ஒரு கடைசி ஆட்சேபம் வரும். நான் யார் என்று எல்லாவற்றையும் உள்ளே திருப்பிவிட்டால் வெளியே செய்தவன் தப்பித்துவிட மாட்டானா? செய்பவன் என்று ஒருவனே இல்லை என்று வேதாந்தம் பேசி எந்தக் கொலையையும் கரைத்துவிடலாமே? ரமணர் வாழ்க்கையில் நடந்த ஒரு குற்றமே இதற்குப் பதில். 1924 ஜூன் 26 இரவு திருவண்ணாமலை ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். இருப்பதை எடுத்துக்கொள்ளட்டும் என்று வழிவிட்டுச் சீடர்களோடு ரமணர் வெளியே வந்தார். வெளியே வந்தவர்களைத் திருடர்கள் அடித்தார்கள். ரமணரின் தொடையிலும் அடி விழுந்தது. பதிலுக்கு அடிக்கப் பாய்ந்த சீடரை அவர் தடுத்தார். தனக்கும் பூசை கிடைத்தது என்று பின்னால் சிரித்துக்கொண்டு சொன்னார். பூசை என்றால் அடி என்றும் பொருள் உண்டல்லவா. திருடர்களுக்கு அங்கே கிடைத்தது சொற்பம். அதே இரவில் ஆசிரமத்திலிருந்து ஊருக்குள் ஆள் போய்ச் சொல்லியாயிற்று. சில நாளில் போலீஸ் ஆட்களைப் பிடித்தது. அடித்தது யாரும் இல்லை என்று ரமணர் சாதிக்கவில்லை. திருடன் திருடன்தான், போலீஸ் போலீஸ்தான். அடித்தவனை வெறுக்கும் உரிமை எனக்கு உண்டா என்ற கேள்வியை மட்டும் அவர் தன்னிடம் வைத்துக்கொண்டார். குற்றத்தின் கணக்கு வெளியே நேராக முடிந்தது. உள்ளே வேறொரு கணக்கு நடந்தது. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. உள்கணக்கைக் காட்டி வெளிக்கணக்கை மூடுகிறவன்தான் செஸ்டர்ட்டன் கதையில் வரும் போலிப் பாதிரி.

இந்திரா சௌந்தர்ராஜனைப் பற்றிய வழக்கில் இரண்டு கட்சிக்கும் பாதித் தீர்ப்புத்தான் கொடுக்க முடியும். மேலே போகும் அந்த இழை கதைக்கு வேண்டாத ஒட்டு என்று சொல்கிறவர்கள், இந்தச் சீமையில் மனிதன் எதற்காக எல்லையில் ஒரு சாமியை நிறுத்தினான் என்பதைப் புரிந்துகொள்ளவில்லை. அந்த இழையே போதும், முடிச்சு அவிழ வேண்டாம் என்கிறவர்கள், அந்தச் சாமி எதற்காக நிற்கிறது என்பதை மறந்துவிட்டார்கள். முடிச்சை மனிதர் கையால் அவிழ்த்துவிட்டு, மீந்த இழையை மேலே விடும் கதை நல்ல கதை. அவிழ்க்காமல் விட்டதை மறைக்க இழையைக் காட்டும் கதை மோசமான கதை. அவர் எழுதியவற்றில் இரண்டு வகையும் உண்டு. எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள வாசகர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். புத்தகத்தை மூடுவதற்கு முன், கதையில் வீண்பழி சுமந்தவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் மேலிருந்த பழி, ஊர் அறிய, காரணத்தோடு இறங்கியதா என்று கேளுங்கள். அது இறங்காத கதையில் கருப்பனே அரிவாளோடு வந்து ஆடினாலும், வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.